சார்கோல் பென்சில் உடையாம சீவுறது எப்படி?

புது சார்கோல் பென்சில ஷார்ப்னர்ல விட்டு ரெண்டு சுத்து சுத்துனதுமே முனை பொட்டுன்னு உடைஞ்சு, மறுபடி சீவி, மறுபடி உடைஞ்சு, கடைசில பாதி பென்சில் குப்பைக்கு போயிடுதா? என் முதல் செட் அப்படித்தான் போச்சு, அதுல இருந்த சாஃப்ட் பென்சில்ல ஒரு படம்கூட முழுசா வரையல, ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

சாதா பென்சில்ல கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்டு எடுக்குறதால அது கெட்டியா இருக்கும். சார்கோல் பென்சில்ல இருக்குறது கரித்தூள பசை மாதிரி ஏதாவது சேர்த்து அழுத்துனது, முறுக்குனா தாங்காது. ஷார்ப்னர் பண்றதே முறுக்குறதுதான். அதனால மரத்த பிளேடால எடுங்க, கரிய உப்புத்தாள்ல தேயுங்க, ரெண்டு வேலையையும் ஒண்ணா பண்ணாதீங்க.

வேணுங்கறது: புது பிளேடு போட்ட பேப்பர் கட்டர், ஹார்டுவேர் கடைல 220 நம்பர் உப்புத்தாள் ஒண்ணு, கீழ விரிக்க பழைய நியூஸ்பேப்பர். மொக்க பிளேடு வேணாம், அழுத்த வேண்டி வரும், அழுத்துனா உடையும்.

முதல்ல பிடி. இடது கைல பென்சில், முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பாக்கட்டும். வலது கைல கட்டர், ஆனா அந்தக் கை தள்ளக்கூடாது, பிளேட சாய்வா புடிச்சுக்கிட்டா போதும். பிளேடோட முதுகுல இடது கை கட்டைவிரல வச்சு அதால மெதுவா தள்ளணும். இது பழக ஒரு நாள் ஆகும், பழகிட்டா கையும் வெட்டாது கரியும் உடையாது.

அடுத்து முனைலேர்ந்து ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஆரம்பிச்சு வெங்காயத் தோல் மாதிரி மெலிசா சீவுங்க, ஒவ்வொரு சீவலுக்கும் பென்சில கொஞ்சம் உருட்டிக்கோங்க, ஒரே பக்கமா சீவுனா அந்தப் பக்கம் பிடிமானம் போய் கரி ஒடிஞ்சிடும். கரி தெரிய ஆரம்பிச்சதும் பிளேட இன்னும் படுக்க வைங்க. ஹார்டுன்னா ஒரு சென்டிமீட்டர் கரி வெளிய இருக்கலாம், சாஃப்ட்டுக்கு அரை போதும்.

இப்ப உப்புத்தாள தட்டையா வச்சு, கரிய அதுமேல படுக்கப்போட்டு, விரலால உருட்டிக்கிட்டே லேசா உங்க பக்கம் இழுங்க. நிமித்தி வச்சு குத்தாதீங்க. விழுற தூள வாயால ஊதவும் வேணாம், மூச்சுல போயிடும். ஒரு சின்ன டப்பால தட்டி வச்சா பஞ்சுல தொட்டு ஷேடிங் பண்ண அருமையா இருக்கும்.

இவ்ளோ பண்ணியும் சீவ சீவ துண்டு துண்டா கரி விழுதுன்னா அந்தப் பென்சில் எப்பவோ கீழ விழுந்து உள்ளயே உடைஞ்சிருக்கும், அத ஒண்ணும் பண்ண முடியாது, விழுந்த துண்டுகள எடுத்து வச்சு பெரிய ஏரியாவுக்கு தேய்ச்சுக்கோங்க. மத்த பென்சிலுக்கெல்லாம் பேப்பர சுருட்டி டேப் ஒட்டி ஒரு மூடி செஞ்சு மாட்டிடுங்க, டப்பால சும்மா உருள விடாதீங்க.