காபோவைதரேற்று வினாவில் புள்ளி போகும் இடங்கள்

கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். நாங்கள் பரீட்சை எழுதிய காலத்துப் பிழைகளையே இப்போதைய பிள்ளைகளும் விடுகிறார்கள். சூத்திரத்தில் ஒரு ஐதரசனைத் தவறவிடுவது போன்றவை தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுவோம்.

"செலுலோசின் பிணைப்பு வலிமையானது, அதனால் சமிக்காது"

இந்த வரியைக் கண்டால் சிவப்புப் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பேன். இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிக் கெடுத்த வரி இது.

மாப்பொருளிலும் செலுலோசிலும் இருப்பது குளுக்கோசுதான். முதலாம் காபனில் உள்ள ஐதரொட்சில் கூட்டம் அல்பா வடிவத்தில் கீழே நிற்கும், பீற்றா வடிவத்தில் மேலே நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அல்பாவாக இணைந்தால் சங்கிலி சுருளும். பீற்றாவாக இணையும்போது ஒன்றுவிட்ட ஒரு குளுக்கோசு 180 பாகை திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீளும். அந்த நேர்ச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, இடையே ஏராளமான ஐதரசன் பிணைப்புகள் உண்டாகி நுண்ணார் எனும் மெல்லிய இழைக்கட்டு ஆகிறது. கலச்சுவரின் வலிமை அங்கேதான் இருக்கிறது.

சமிக்காமைக்குக் காரணம் வேறு. மாப்பொருளை உடைக்கும் எங்கள் நொதியமான அமைலேசு அல்பாப் பிணைப்புக்குப் பொருந்தும் வடிவத்தில் இருக்கிறது, பீற்றாப் பிணைப்பு அதில் பொருந்தாது. இதில் வலிமைக்கு வேலையே இல்லை.

ஒருநாள் "சோறு சமிக்கும், வைக்கோல் ஏன் சமிக்காது?" என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்து, "மாட்டுக்குச் சமிக்குதுதானே சேர், அதின்ர நொதியம் பலமானது" என்றான் ஒருத்தன். மாட்டுக்கும் அந்த நொதியம் இல்லை! இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணங்கிகள்தான் செலுலேசைச் சுரக்கின்றன. அறுவடை முடிந்த வயலில் மாடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை அவன்.

கிளையை வரைந்துவிட்டு நிறுத்துவது

விலங்கு சேமிக்கும் கிளைக்கோசனில், தாவர மாப்பொருளின் கிளைத்த கூறான அமைலோபெத்தினைவிடக் கிளை அதிகம் என்பது அரை விடை. அமைலோபெத்தினில் ஏறத்தாழ 24–30 அலகுக்கு ஒரு கிளை, கிளைக்கோசனில் 8–12 அலகுக்கு ஒன்று. நொதியம் நுனியில் இருந்துதான் குளுக்கோசைக் கழற்றும், ஆகவே கிளையோடு நுனி கூடினால் வேகமும் கூடும். ஓடுகிற விலங்குக்கு அந்த வேகம் வேண்டும். நிற்கிற நெல்லுக்கு என்ன அவசரம்?

பனஞ்சாறும் பெனடிக்ற்றும்

காலையில் இறக்கிய, சுண்ணாம்பு போடாத சாற்றை, தாழ்த்தும் வெல்லம் இருந்தால் செங்கல் நிறம் காட்டும் பெனடிக்ற்றுக் கரைசலால் மத்தியானம் சோதித்த ஒரு பிள்ளை, செங்கல் நிறம் கண்டதும் "சுக்குரோசு தாழ்த்தும் வெல்லம்" என்று முடிவெழுதியது. புளிக்கத் தொடங்கிய சாற்றில் மதுவம் சுக்குரோசைக் குளுக்கோசும் பிரக்டோசுமாக உடைத்துவிடும், நிறம் அவற்றால் வந்தது. சுக்குரோசில் தாழ்த்தக்கூடிய இரண்டு முனைகளும் பிணைப்புக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அதனால் அது வழியில் எளிதில் தாக்கமுறாது; தாவரத்தில் உணவைக் கடத்தும் உரியத்தில் நெடுந்தூரம் கொண்டுபோக அது உகந்ததாக இருப்பதும் அதனால்தான்.

அயடீன் நீலம்

மாப்பொருளின் ஒரு கூறான அமைலோசின் சுருளுக்குள் அயடீன் புகுவதால் வருவது. செலுலோசில் சுருள் இல்லை, நீலமும் இல்லை.

கைற்றின்

நந்திக்கடல் இறாலின் ஓட்டில் இருக்கும் கைற்றினும் பல்சக்கரைட்டே, அதாவது பல வெல்ல அலகுகள் இணைந்த சங்கிலியே. நைதரசன் இருக்கிறதே என்று புரதத்தில் சேர்க்காதீர்கள்.