பீர் ஈஸ்ட்டை ஓராண்டுக்கு மேல் உயிரோடு வைக்க

நொதித்து முடிந்த பீரின் அடியில் தங்கும் ஈஸ்ட், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில வாரங்களில் தளர ஆரம்பித்துவிடும். நீண்ட நாள் தாங்க வேண்டுமென்றால் கிளிசரின் சேர்த்து உறையவைக்க வேண்டும். வெறுமனே உறையவைத்தால் பனிப்படிகங்கள் செல் சவ்வைக் கிழித்துவிடும்.

உணவுத்தரக் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து, 15 மி.லி. கண்ணாடிக் குப்பிகளில் 5 மி.லி. வீதம் ஊற்றுங்கள். மூடியைத் தளர்வாக வைத்து, பிரஷர் குக்கரில் 20 நிமிடம் கிருமி நீக்குங்கள். நன்றாக ஆறியதும் 5 மி.லி. கெட்டி ஈஸ்ட் சேர்த்தால் கிளிசரின் சுமார் 25 சதவீதம். மூடிக் குலுக்கி, ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே ஃப்ரீசர். ஈஸ்ட் வகையும் தேதியும் குப்பியில் எழுதிவிடுங்கள். உறைந்தபின் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

பலர் கோட்டைவிடுவது ஃப்ரீசரில்தான். தானாகப் பனி நீக்கும் ரகம் அவ்வப்போது சூடேறும். இளகி உறையும் ஒவ்வொரு முறையும் செல்கள் சாகும். குப்பிகளை ஐஸ் பேக்குகளோடு தெர்மோகோல் பெட்டிக்குள் அடைத்து, ஃப்ரீசரின் உட்பக்கம் தள்ளி வையுங்கள்.

எடுத்ததை நேரே பீரில் கொட்டக் கூடாது, செல்கள் போதாது. 5 கிராம் மால்ட் தூளை (பீர் காய்ச்சப் பயன்படும் உலர்ந்த மால்ட் சாறு) 100 மி.லி. தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் அதில் ஈஸ்ட்டை விட்டு எழுப்புங்கள். நுரை கண்டதும் ஒரு லிட்டருக்கு 100 கிராம் மால்ட் கரைசலுக்கு மாற்றலாம். புளித்த வாடையோ மேலே ஆடையோ தெரிந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். இளகிய குப்பியை மறுபடி உறையவைக்க வேண்டாம்.