புது டேப்லெட்: முதல் நாளில் விரலைப் பழக்குவது எப்படி?

மவுஸ் பிடித்துப் பழகிய கை டேப்லெட்டைத் தொட்டதும் செய்யும் முதல் தப்பு, திரையை அழுத்துவதுதான். அழுத்த வேண்டாம், பட்டாலே போதும். இதைப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: ஆன் செய்யுங்கள்
சார்ஜ் ஏற்றி, வைஃபையில் இணைத்து, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழையுங்கள். திரையில் வருவதைப் படித்துக்கொண்டே போனால் போதும்.

படி 2: தொடுங்கள்
விரல்நுனியின் சதை படட்டும், நகம் வேண்டாம். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தி வலை ஒன்று இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் அதன் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன்) மாறும். அதை வைத்துத்தான் எங்கே தொட்டீர்கள் என்று டேப்லெட் கண்டுபிடிக்கிறது. நகம் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் எவ்வளவு தட்டினாலும் பலன் இல்லை. சாதாரண கையுறைக்கும் இதே கதி.

விரலால் தொடுவது டேப்லெட்டில் எப்போதும் இருந்ததில்லை. 2002-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டேப்லெட் பிசியை இயக்கத் தனிப் பேனா வேண்டும். உள்ளே ஓடியதோ மவுஸுக்கென்று செய்த விண்டோஸ். அதன் பொடிப்பொடி பட்டன்களை விரலால் எப்படித் தொடுவது? 2010-இல் வந்த ஐபேடில் எல்லாமே விரலுக்கேற்ற அளவு. 28 நாளில் 10 லட்சம் விற்றது. பேனாவைத் தூக்கிப் போட்டதுதான் பெரிய காரணம் என்பேன். (அதே பேனா பிற்பாடு படம் வரைபவர்களுக்காகத் திரும்பி வந்தது வேறு கதை.)

படி 3: ஒரு போட்டோவில் பழகுங்கள்
போட்டோ ஒன்றைத் திறந்து, இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்து மெல்ல விரியுங்கள்: பெரிதாகும். குவித்தால் சுருங்கும். ஒற்றை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த படம். இப்போது கட்டுரை ஏதாவது திறந்து, ஒரு சொல்லின் மேல் விரலை ஒரு நொடி எடுக்காமல் வையுங்கள். சொல்லுக்கு நிறம் ஏறி, இருபுறமும் சிறு கைப்பிடி முளைக்கும். அதை இழுத்தால் வேண்டிய வரி வரை காப்பி எடுக்கலாம். முதல் நாலு தடவை நழுவும், விடாதீர்கள்.

படி 4: சுழற்சியைப் பூட்டுங்கள்
படுத்துக்கொண்டு படித்தால் பக்கம் கூடவே திரும்பிக்கொள்ளும். திரையின் மேலிருந்து கீழே இழுத்து, சுழற்சிப் பூட்டைத் தொடுங்கள். ஐபேடில் வலது மேல் மூலையிலிருந்து இழுக்க வேண்டும்.

படி 5: தமிழில் தட்டுங்கள்
செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். மொழி மாற்ற, உருண்டை உலகப் படத்தைத் தொடுங்கள். பத்து வரிக்கு மேல் எழுதுவதென்றால் ப்ளூடூத் கீபோர்டு வாங்குங்கள். கண்ணாடியில் நெடுநேரம் தட்டினால் விரல்நுனி வலிக்கும்.

திரை திடீரென்று தாறுமாறாக நடந்துகொண்டால் ரிப்பேருக்கு ஓடாதீர்கள். முதலில் விரல் ஈரமா என்று பாருங்கள், துடைத்துவிட்டுத் தொடுங்கள்.