தினம் மூன்று சங்கதி: நம்ம ஊரில் இருந்தே சேகரிக்கப் பழகுவது எப்படி?

பவானியில் இருந்து ஈரோட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவன் நான். வழியெல்லாம் கூடவே வரும் காலிங்கராயன் வாய்க்காலை ரொம்ப வருஷம் தண்ணீர் ஓடும் இடம் என்ற அளவில்தான் பார்த்திருந்தேன். ஒரு நாள் பக்கத்து சீட்டுப் பெரியவர், "பாம்பு போன தடத்துல வெட்டுனதுங்க இது, அதான் இத்தனை கோணல்" என்றார். அன்றைக்கு ராத்திரி அதைப் பழைய நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தப் பழக்கம்: பண்பாட்டில் ஒன்று, வடிவமைப்பில் ஒன்று, சமூகத்தில் ஒன்று என்று தினம் மூன்று சங்கதி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நோட்டு

40 பக்க நோட்டு போதும், போனில் எழுதினாலும் சரி. ஒவ்வொரு சங்கதிக்கும் தேதி, இடம், யார் சொன்னது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எங்கே கேட்டோம் என்று தெரியாவிட்டால் அந்தக் குறிப்பு எதற்கும் உதவாது.

படி 2: தினம் போகும் வழியிலேயே தேடுங்கள்

இதற்கென்று தனியாகப் பயணம் கிளம்ப வேண்டாம். பஸ் ஜன்னல், டீக்கடை, சந்தை, வீட்டு அட்டாலி (பரண்), இவையே வருஷம் முழுக்கத் தாங்கும். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் ரோட்டோரமாகக் கிளுவைச் செடி வேலி வந்துகொண்டே இருக்கும். வேலிக்கு உள்ளே தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். இதற்குக் கொரங்காடு என்று பெயர். மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த மானாவாரி நிலம் (நம்ம பக்கம் 'காடு' என்றால் பெரும்பாலும் இந்த மாதிரி நிலம்தான், வெளியூர் நண்பர்கள் வனம் என்று நினைத்துக்கொள்வார்கள்). கீழே புல், மேலே மரம், சுற்றிலும் உயிர்வேலி. புல் மாட்டுக்கு, உதிர்கிற வேலங்காய் ஆட்டுக்கு, வேலி காவலுக்கு. காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் நாள் முழுக்க ஆள் நிற்க வேண்டியதில்லை. மழை குறைந்த சீமையில் காங்கேயம் மாடு நிலைத்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். இதைவிட நல்ல வடிவமைப்புப் பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை, அதுவும் பஸ் டிக்கெட் காசிலேயே கிடைக்கிறது.

படி 3: பெயரைக் கேளுங்கள், அப்புறம் 'ஏன்' என்று கேளுங்கள்

முக்கியமான படி இதுதான். போட்டோ எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் ஒரு ஆளிடம் ஒரு கேள்வியாவது கேட்ட பிறகுதான் அது சங்கதியாகிறது என்பேன்.

பவானியில் ஒரு ஜமக்காளத் தறிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைந்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். குழித்தறியில் இரண்டு பெண்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) தள்ளிவிட, பாவு என்கிற நீளவாட்டு நூல்களுக்குள் ஓடி வந்ததை மற்றவர் பிடித்துத் திருப்பித் தள்ளினார். பேச்சே இல்லை, இருவருடைய கையும் ஒரே தாளத்தில் போய் வந்தது. அகலமான ஜமக்காளத்துக்கு ஒருவர் கை எட்டாது, அதனால்தான் இரண்டு பேர். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஏனுங்க, எல்லாமே பட்டை பட்டையாத்தான் இருக்குது, பூ ஏன் போடறதில்லீங்க?" அந்த அம்மா நூலை என் விரலில் வைத்து, "தொட்டுப் பாரு கண்ணு" என்றார். பருத்தி நூல்தான், ஆனால் சணல் கயிறு மாதிரி தடிமன். இந்த நூலில் பட்டைதான் எடுபடும், பூவும் கரை வேலையும் வேண்டுமென்றால் செயற்கைப் பட்டு நூலுக்குப் போக வேண்டும். வடிவத்தை முடிவு செய்தது நூலின் பருமன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அங்கேயே சமூகச் சங்கதியும் கிடைத்தது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு (இந்த ஊர்ப் பொருளுக்கே உரிய பெயர் என்ற பதிவு) இருக்கிறது, 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய ரகமும் கூட. அப்படியிருந்தும் வெளி மாநிலத்து விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் மாறியது. அந்த வரியை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன், திருத்தவில்லை.

படி 4: கேட்டது வேறு, பதிவானது வேறு

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் செவிவழியாக வந்ததையும் வலப்பக்கம் நூல், கல்வெட்டு, அரசு ஆவணம் சொல்வதையும் எழுதுங்கள். வாய்க்காலையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம்: பாம்பு வழி காட்டியது, வாய்க்கால் தண்ணீரைத் தன் வம்சம் பயன்படுத்தாது என்று அதை வெட்டிய காலிங்கராயன் வாக்குக் கொடுத்தார். வலப்பக்கம்: 13ஆம் நூற்றாண்டு வேலை, 1283இல் முடிந்ததாகச் சொல்லும் வரலாறு, பவானி ஆற்றில் தொடங்கி நொய்யலில் சேரும் சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டம். கோணலுக்குக் காரணம் நில மட்டம். நேராக வெட்டினால் சரிவு தவறிவிடும், மேட்டை ஒட்டி வளைந்து வளைந்து போனால்தான் தண்ணீர் தானாக நகரும்.

இரண்டு பக்கமும் வேண்டும். பாம்புக் கதை பொய் என்று அடித்துவிடாதீர்கள், அது பண்பாட்டுச் சங்கதி. மட்டம் பார்த்து வெட்டியது வடிவமைப்புச் சங்கதி. தண்ணீர் வேண்டாம் என்ற வாக்கு சமூகச் சங்கதி, ஊருக்கு நல்லது செய்தவர் அதில் லாபம் பார்க்கவில்லை என்று ஜனங்கள் நம்ப விரும்புவது அதில் தெரிகிறது. ஒரே வாய்க்காலில் மூன்றும் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

படி 5: எடுக்கக் கூடாததை விடுங்கள்

ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் குதிரையும் மாடும் கைமாறுவதைப் பார்க்கலாம். வியாபாரிகள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்குக் கூடத் தெரியாது. அந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதலாம், ஆனால் துண்டுக்குள் கேமராவை நீட்டக் கூடாது. அதே மாதிரி, சொன்னவருடைய பெயரை அவர் சரி என்றால் மட்டும் எழுதுங்கள்.

படி 6: பொழுதோட (சாயங்காலம்) உட்கார்ந்து எழுதுங்கள்

ஒரு சங்கதிக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், கடைசி வரி எப்போதும் நாளைக்கான கேள்வியாக இருக்கட்டும். என் நோட்டில் இருந்து ஒரு நாள்:

பண்பாடு: அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு அட்டாலியில் இருந்து ஜமக்காளம் இறக்கினோம். ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் மட்டும் ஆசாரத்தில் (வீட்டுக் கூடம்) விரிப்பார்களாம்.

வடிவமைப்பு: மடித்த இடங்களில் சாயம் வெளுத்திருக்கிறது, நூல் ஒன்று கூட விடவில்லை.

சமூகம்: மூலையில் சிவப்பு நூலில் இரண்டு எழுத்து தைத்திருக்கிறது. விசேஷத்துக்கு இரவல் போனால் மாறாமல் திரும்பி வர வேண்டுமே, அதற்காக.

நாளைக்குக் கேட்க: அந்த இரண்டு எழுத்து அப்புச்சியின் பெயரில் இல்லையே, யாருடையது?