ரிப்பேர் இல்லாத கேமராவை ரிப்பேருக்கு அனுப்பாதீர்கள்: டிஎஸ்எல்ஆர் புதிதாக வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"புதுக் கேமரா, வியூஃபைண்டரில் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. லென்ஸ் போய்விட்டதா?" புதிதாக வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். படம் கூர்மையாக இருந்தால் லென்ஸில் ஒரு குறையும் இல்லை. பெரும்பாலான கேமராக்களில் கண் வைக்கும் ரப்பருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதன் பெயர் டயாப்டர். பைக்குள் உரசியோ கைபட்டோ அது திரும்பியிருக்கும். வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி, சுவரைக் கவனிக்காமல் உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளையும் கீழே ஓடும் எண்களையும் மட்டும் கவனித்து, அவை துல்லியமாகத் தெரியும்வரை சக்கரத்தைத் திருப்பினால் போதும். இந்தச் சக்கரத்துக்கும் எடுக்கும் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது. உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் அது கண்ணாடி. பவர் அதிகமாக இருப்பவர்களுக்கு இது ஈடுகட்டாது, மூக்குக் கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும்.

அடுத்த புகார், "பட்டனை அழுத்தினால் கிளிக் ஆகவில்லை." ஃபோகஸ் பிடிபடாமல் ஷட்டர் திறக்காது என்பது கேமராவின் இயல்பான ஏற்பாடு, பழுது அல்ல. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸுக்கு ஏறக்குறைய 25 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 35 செ.மீ. இந்தத் தூரத்தை லென்ஸின் முனையிலிருந்து அளக்கக் கூடாது. கேமராவின் மேல்பகுதியில் ஒரு வட்டத்தைக் கோடு வெட்டுவதுபோல் சின்னக் குறி இருக்கும், படத்தைப் பதியும் சென்சார் இருக்கும் இடம் அது. அங்கிருந்து அளக்க வேண்டும். வெறும் வெள்ளைச் சுவர், இருட்டு, கம்பி வலை, இவையும் ஃபோகஸைத் தடுமாற வைக்கும். கிளிக் ஆகிறது, ஆனால் எல்லாப் படமும் மங்கல் என்றால் லென்ஸின் பக்கவாட்டில் ஸ்விட்ச் இருந்தால், அது எம்எஃப் (கையால் ஃபோகஸ் செய்வது) பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேமராவிடமே விடுவதும் ஒரு தவறுதான். அது பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். மாலையோடு நிற்கும் மணமகளை எடுத்தால் மாலை கூர்மையாகவும் கண் மங்கலாகவும் வருவது இதனால்தான். ஒரே புள்ளியைத் தேர்வு செய்து, அதைக் கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்தி, பிறகு முழுதாக அழுத்துங்கள்.

இருட்டும் ஆட்டமும்

ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் என்று எங்கோ கேட்டுவிட்டு, கல்யாண மண்டபத்துக்குள்ளும் 400-ஐத் தாண்ட மறுப்பவர்கள் உண்டு. விளைவு, ஷட்டர் வேகம் 1/15 நொடிக்கு இறங்கி எல்லா முகமும் இழுபட்டுப் போகும். புள்ளியை மென்பொருளில் குறைத்துவிடலாம். ஆடிப்போன முகத்தை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. 1600, 3200 எல்லாம் இன்றைய கேமராக்களுக்குச் சாதாரணம். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் அதே புள்ளிகள் வரத்தான் செய்யும்.

ஷட்டர் எவ்வளவு வேண்டும்? லென்ஸின் மி.மீ. எண்ணை கேனன் என்றால் 1.6-ஆலும் நிக்கான் என்றால் 1.5-ஆலும் பெருக்குங்கள். வரும் எண்ணே ஷட்டரின் கீழ் எண். கேனனில் 55 மி.மீ.-இல் எடுத்தால் 88 வரும், ஆக 1/100 பாதுகாப்பு. இது உங்கள் கை நடுக்கத்துக்கான கணக்கு மட்டுமே. லென்ஸில் இருக்கும் ஐஎஸ் அல்லது விஆர் வசதியும் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், எதிரில் ஓடும் குழந்தையை நிறுத்தாது. ஓடும் குழந்தைக்கு 1/500, மேடையில் பரதநாட்டியத்துக்குக் குறைந்தது 1/250. டயலை கேனனில் டிவி (Tv), நிக்கானில் எஸ் (S) என்ற இடத்தில் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால் மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

சோக் வைத்த பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு விதிவிலக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. அங்கே 1/250 வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும், சிலவற்றில் பட்டை விழும். 1/50 அல்லது 1/100 வைத்தால் சரியாகிவிடும்.

இருட்டில் கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்வதும் நஷ்டம். 18 மி.மீ.-இல் எஃப் 3.5 ஆக இருக்கும் திறப்பு 55 மி.மீ.-இல் எஃப் 5.6 ஆகச் சுருங்குகிறது. உள்ளே வரும் வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைகிறது. ஜூமை விட்டுவிட்டு நாலு அடி முன்னால் போய் நில்லுங்கள்.

வெள்ளை வேட்டி ஏன் சாம்பலாகிறது?

கேமராவின் மீட்டருக்கு வேட்டி எது, சுவர் எது என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடும். பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் சட்டகத்தை நிறைத்து நின்றால், "வெளிச்சம் ஜாஸ்தி" என்று நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி அழுக்கேறியதுபோல் தெரியும், முகமும் கருத்துப் போகும். பிளஸ் மைனஸ் குறியுள்ள பட்டனைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றி +1 வரை ஏற்றுங்கள். கருங்கல் சிற்பம் என்றால் நேர்மாறாக -1 பக்கம். பச்சை ஆட்டோ மோடில் இது வேலை செய்யாது, டயலில் பி (P) மோடுக்காவது வர வேண்டும். எடுத்து முடித்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நேற்று ராத்திரி வைத்த ஐஎஸ்ஓ 3200-ஐ மறந்து இன்று உச்சி வெயிலில் எடுப்பதும் இதே வகைத் தவறு.

பொருந்துமா என்று பார்க்காமல் வாங்குவது

துணைக் கருவிகளில் பணம் வீணாவது பெரும்பாலும் தரக்குறைவால் அல்ல, பொருந்தாமையால். நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிளாஷில் இதைவிடப் பெரிய பொறி. கேனன் 200டி மார்க் 2, 1500டி, 3000டி ஆகியவற்றின் ஹாட் ஷூவில், அதாவது கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், நடுப்பின் இல்லை. மலிவான மேனுவல் ஃபிளாஷ்களும், தள்ளி வைத்த ஃபிளாஷை எரியவைக்கும் ட்ரிகர்களும் அந்த ஒற்றைப் பின்னை நம்பித்தான் எரிகின்றன. அவற்றை இந்தக் கேமராக்களில் மாட்டினால் அசையாமல் உட்கார்ந்திருக்கும், எரியாது. ஃபிளாஷைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அதே கதைதான். வாங்கும் முன் ஷூவின் நடுவில் வட்டமான உலோகப் புள்ளி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் கேனனின் இ-டிடிஎல் (ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கேமராவே கணக்கிடும் முறை) ஆதரவு உள்ளதாகவும், உங்கள் மாடலின் பெயரைக் குறிப்பிட்டே பொருந்தும் என்று சொல்வதாகவும் வாங்க வேண்டும்.

கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷுக்கு எட்டும் தூரம் குறைவு. 1500டி-யின் ஃபிளாஷ் எண் சுமார் 9. அதை எஃப் எண்ணால் வகுத்தால் தூரம் கிடைக்கும். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100 என்றால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றினாலும் ஆறரை மீட்டர். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து அதை மின்னவிட்டால் முன்வரிசைத் தலைகள்தான் பளிச்சென்று விழும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடைக் கழற்றாமல் இந்த ஃபிளாஷைப் போட்டால் படத்தின் அடியில் அரைவட்டமாக ஒரு நிழல் வரும், அதையும் ரிப்பேர் என்று எண்ண வேண்டாம். தனி ஃபிளாஷை மேனுவல் ட்ரிகரில் வைத்து 1/200-ஐத் தாண்டினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ஷட்டர் திரை வழியில் நிற்கிற நேரத்தில் ஃபிளாஷ் எரிந்துவிடுவதால் வருவது அது.

ஃபில்டர் வாங்கும்போது 18-55 லென்ஸுக்கு "55 ஃபில்டர்" கேட்பவர்கள் ஏராளம். அந்த 55 குவியத் தூரம். ஃபில்டர் அளவு என்பது வாயின் விட்டம். கேனன் 18-55-க்கு 58 மி.மீ., நிக்கான் ஏஎஃப்-பி 18-55-க்கு 55 மி.மீ., கேனன் 50 எஸ்டிஎம்-க்கு 49 மி.மீ. லென்ஸ் மூடியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அச்சடித்திருக்கும். மலிவான யுவி ஃபில்டரை மாட்டிக்கொண்டு கார்த்திகை தீபத்தை எடுத்தால், ஒவ்வொரு சுடருக்கும் எதிர்ப்பக்கம் தலைகீழாக ஒரு பச்சைப் பேய்ச்சுடர் தெரியும். விளக்கு எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

50 மி.மீ. எஃப் 1.8 நல்ல லென்ஸ்தான். ஆனால் சென்சார் சிறியதான இந்தக் கேமராக்களில் அது 75, 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் குடும்பப் படம் எடுக்க முதுகு சுவரில் இடிக்கும். இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ., அதாவது அரைச் சாண். முன்னும் பின்னுமாக நிற்கும் இருவரில் ஒருவர் மங்கிப்போவார். குழுப் படத்துக்கு எஃப் 5.6 அல்லது 8 வையுங்கள்.

மெமரி கார்டைக் கணினியில் ஃபார்மேட் செய்யாமல், படங்களை நகல் எடுத்த பிறகு கேமராவிலேயே செய்யுங்கள். கார்டு விளக்கு மினுக்கும்போது கார்டுக் கதவைத் திறக்காதீர்கள். "கார்டு லாக்" என்று காட்டினால் கார்டின் இடப்பக்கச் சின்ன நெம்பு கீழே இறங்கியிருக்கிறது, மேலே தள்ளுங்கள். தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. மேலே எழுதப்படாதவரை மீட்பு மென்பொருளுக்கு வாய்ப்பு உண்டு.

ட்ரைபாடில் நடுத்தண்டை முதலில் உயர்த்துபவர்கள் மூன்று காலை ஒற்றைக்காலாக்கிக்கொள்கிறார்கள். தடித்த மேல்கால்களை முதலில் நீட்டி, நடுத்தண்டைக் கடைசிக்கு வையுங்கள். ஐஎஸ்-ஐ அணைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள்.

ஈரமும் பூஞ்சையும்

கடலோர ஊர்களில் லென்ஸைக் கொல்வது கீழே விழுவதைவிட பீரோதான். கேமராவைப் பையோடு துணிகளுக்கு நடுவில் மூன்று மாதம் பூட்டிவைத்தால் ஈரத்தை உறிஞ்சிய பையின் பஞ்சு லென்ஸுக்கு அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பூஞ்சை கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல் கிளை விட்டுப் பரவும். முற்றினால் மேல்பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. பின்மூடியைக் கழற்றி, கைபேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மாதம் ஒருமுறை பாருங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போதும் இதுவே முதல் சோதனை.

டிரை கேபினட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத சமையலறை டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவை போதும். 40 முதல் 50 சதவீதம் காட்ட வேண்டும். 30-க்குக் கீழே போகவிட்டால் ரப்பரும் மசகும் காய்ந்துபோகும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துத் தீர்ந்தது என்று பொருள். 110, 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. பாச்சை உருண்டையும் கற்பூரமும் பட்டுப்புடவைக்குச் சரி, கேமராவுக்கு ஆகாது. அவற்றோடு சேர்த்து வைக்கவே வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முகம் பனி மூடும். துடைக்காதீர்கள், அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவும் வேண்டாம், சென்சாரிலும் ஈரம் படியும். கிளம்புமுன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் பனி கவரின் மேல் படியும், கண்ணாடியில் படியாது.

சுத்தம் செய்யும்போது புளோயர் முதலில், தூரிகை அடுத்து, மைக்ரோஃபைபர் துணி கடைசியில். வேட்டி முனையால் நேரே தேய்த்தால் மேலே இருக்கும் மணல்துகள் உப்புத்தாள்போல் வேலை செய்யும். திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும், கண்ணாடியில் தெளித்தால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாய் கீழே பார்க்கப் பிடியுங்கள். உள்ளே தெரியும் கண்ணாடியை (மிர்ரர்) தொடவே கூடாது, அதன் மேற்பூச்சு விரல் பட்டாலே கீறிவிடும். வியூஃபைண்டரில் கறுப்பாக ஒரு தூசி தெரிகிறதென்று அதைத் துடைக்கப்போய் நிரந்தரக் கீறல் வாங்கியவர்கள் உண்டு. அந்தத் தூசி படத்தில் விழுவதே இல்லை, அது உட்கார்ந்திருப்பது சென்சாரில் அல்ல. சென்சார் தூசியைப் பார்க்க எஃப் 16 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி வந்தால் அதுதான். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, மெனுவில் மேனுவல் சென்சார் கிளீனிங்கைத் தேர்ந்தெடுத்து (நிக்கானில் மிர்ரர் லாக்-அப் என்ற பெயரில் இருக்கும்), கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, புளோயர் முனையை உள்ளே நுழைக்காமல் பத்துப் பதினைந்து முறை ஊதுங்கள். அதற்கும் போகாவிட்டால், அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.