முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ எடுக்கப் போகிறீர்களா? அதற்கு முன் செய்ய வேண்டியவை

நான் முதல்முறை எம்.ஆர்.ஐ எடுத்தபோது படம் தேறவில்லை. இயந்திரம் ஒழுங்காகத்தான் ஓடியது, நான்தான் அசைந்துவிட்டேன். பாதியில் இடுப்பிலிருந்து காலுக்கு வலி சுரீரென்று இழுத்தது, என்னை அறியாமல் முழங்காலை மடக்கினேன். மறுபடி எடுத்தார்கள், மறுபடி மடக்கினேன். "இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இடைவெளியில் டாக்டரையும் டெக்னீஷியனையும் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு.

ஒரு எச்சரிக்கை. பிறப்புறுப்பு, ஆசனவாய் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தானாகப் போய்விடுவது, கால் வேகமாக பலமிழப்பது, இவற்றில் எது இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

படி 1: எந்த ஸ்கேன், எதற்கு என்று கேளுங்கள்

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், டிஸ்க்கும் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது) நரம்பும் தெரியாது. சி.டி ஸ்கேன் எலும்பை இன்னும் நுணுக்கமாகக் காட்டும். இரண்டிலும் கதிர்வீச்சு உண்டு. டிஸ்க், நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம்), தண்டுவடம் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. அதில் கதிர்வீச்சு கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். எம்.ஆர்.ஐக்குள் போக முடியாதவர்களுக்குச் சில சமயம் மைலோகிராம் செய்வார்கள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் ஊசி வழியாக மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பது அது. அதற்கான தயாரிப்பு வேறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதில் எதைத் தேடுறீங்க, அது இருந்தா வைத்தியம் மாறுமா?" கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. 2015-இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில், முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். ஸ்கேனில் வடிவம் தெரியும், வலி தெரியாது. வலி எங்கே என்பதை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் அடுத்த படி.

படி 2: வலியை அரைப்பக்கத்தில் எழுதுங்கள்

எழுதும்போது "முதுகு வலிக்குது" என்று நிறுத்தாதீர்கள். வலி எங்கே தொடங்கி, எந்த வழியாக இறங்கி, எந்த விரலில் முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்து எழுதுங்கள். நான் எழுதியது இது:

"வலது பிட்டம். தொடையின் பின்பக்கம். கெண்டைக்கால். பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் வரை. உட்கார்ந்தால் அதிகம், நடந்தால் குறையும். தும்மினால் சுரீரென்கிறது. எட்டு மாதமாக."

விரல் எது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பாதத்தின் மேற்பக்கமும் பெருவிரலும் என்றால் பொதுவாக எல்5 (இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பு வேர்) மேல் சந்தேகம் வரும், சுண்டுவிரல் ஓரம் என்றால் எஸ்1 (அதற்கு அடுத்து கீழே உள்ள வேர்). படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் உங்களைப் பார்ப்பதே இல்லை. ஸ்கேன் சீட்டில் இருப்பதுதான் அவருக்குத் தெரியும். இந்த அரைப்பக்கத்தின் நகலையும், பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

படி 3: உடம்பில் உள்ள உலோகத்தை எல்லாம் சொல்லுங்கள்

இதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. எம்.ஆர்.ஐ இயந்திரத்தில் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அளவு) காந்தம் இருக்கும். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. யாரும் உள்ளே இல்லாதபோதும், படம் எடுக்காதபோதும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு உள்ளே போகிற கதையெல்லாம் இல்லை.

உள்ளே போவதற்கு முன் ஒரு படிவம் தருவார்கள். வரிசையில் நின்று அவசரமாக டிக் அடிக்காமல், வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், ஸ்டென்ட், மூட்டு மாற்று, எலும்பில் தகடு, ஸ்க்ரூ என எது இருந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர்.ஐயே முடியாது என்பது பழைய பேச்சு. குறிப்பிட்ட நிபந்தனைகளோடு உள்ளே போகக்கூடிய மாடல்கள் இப்போது உண்டு. ஆனால் எந்த மாடல் என்று தெரிந்தாக வேண்டும், அதற்குப் பொருத்தும்போது கொடுத்த அட்டை வேண்டும். முதுகில் ஏற்கெனவே டைட்டானியம் ஸ்க்ரூ இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை, அதைச் சுற்றிப் படம் மட்டும் கொஞ்சம் சிதைந்து தெரியும்.

நிறையப் பேர் மறப்பது கண்ணை. வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை என்றைக்காவது செய்திருக்கிறீர்களா? கண்ணில் இரும்புத்தூள் தெறித்தது உண்டா? அப்போதே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாலும் சொல்லுங்கள். கண்ணுக்குள் தங்கிய சிறு துணுக்கு காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போய்விடலாம். சந்தேகமிருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

இன்னும் சில: தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றில் மெல்லிய அலுமினியப் படலம் உண்டு, சூடாகித் தோலைச் சுட்டுவிடும். சர்க்கரை அளக்கும் சென்சார், இன்சுலின் பம்ப், காது கேட்கும் கருவி, கழற்றக்கூடிய பல்செட், ஹேர்பின், மூக்குத்தி, கண் மை எல்லாமே கணக்கில் வரும். சில விளையாட்டு உடைகளில் வெள்ளி இழை இருக்கும், அதனால்தான் அங்கே தரும் உடையை மாற்றச் சொல்கிறார்கள். கர்ப்பம் என்றாலும், அப்படிச் சந்தேகம் இருந்தாலும் இதே படிவத்தில் சொல்ல வேண்டும்.

படி 4: வீட்டில் ஒத்திகை பாருங்கள்

என்னைக் காப்பாற்றியது இதுதான். இடுப்புப் பகுதிக்கு மட்டும் எடுத்தாலும் சுமார் 20 முதல் 45 நிமிடம் ஆகும். ஆனால் அது ஒரே மூச்சாக ஓடாது, சில நிமிடங்கள் ஓடும் தொகுப்புகளாக வரும். ஒரு தொகுப்புக்கு நடுவில் அசைந்தால் அது மட்டும்தான் பாழ். நடுநடுவே சத்தம் நிற்கும்போது மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொள்ளலாம், உடம்பின் இடம் மட்டும் மாறக்கூடாது.

ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் கெட்டியான தரையில் மல்லாந்து படுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள், கைகள் பக்கவாட்டில் இருக்கட்டும். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். முதல் நாள் எனக்கு ஏழாவது நிமிடத்தில் வலி எட்டிப்பார்த்தது. தலையணையை ஒரு சாண் மேலே தள்ளியதும் பதினைந்து நிமிடம் தாங்கியது. தலையணை இருந்த அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு டெக்னீஷியனிடம் "கொஞ்சம் மேலே வைங்க" என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அவர்களுக்கும் நாம் அசையாமல் இருந்தால்தானே வேலை முடியும்.

மல்லாந்து படுக்கவே முடியாதவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வழக்கமாகப் போடும் வலி மாத்திரையை ஸ்கேனுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடிய இடம் என்றால் பயமா? குழாயின் விட்டம் 60 அல்லது 70 சென்டிமீட்டர்தான் இருக்கும். அகலமான குழாய் உள்ள இயந்திரம் இருக்கிறதா, கால் முதலில் போகும்படி படுக்க வைப்பார்களா என்று பதிவு செய்யும்போதே விசாரியுங்கள். நான் உள்ளே போவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டேன், வெளியே வரும்வரை திறக்கவில்லை. பயம் ரொம்ப அதிகமென்றால் மயக்க மருந்து தருவதுண்டு. அப்படியானால் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள். திரும்பும்போது நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருவர் வேண்டும்.

படி 5: சாப்பாடு, மருந்து, ஊசி

மயக்க மருந்து இல்லாத சாதாரண எம்.ஆர்.ஐக்குப் பெரும்பாலும் பட்டினி தேவையில்லை, வழக்கமான மாத்திரைகளையும் நிறுத்த வேண்டாம். உள்ளே போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

ஏற்கெனவே முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும், கிருமித்தொற்று, கட்டி என்று சந்தேகம் உள்ளவர்களுக்கும் படத்தில் சில இடங்களை இன்னும் தெளிவாகக் காட்ட காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, முன்பு இந்த ஊசியால் ஒவ்வாமை வந்திருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள்.

படி 6: உள்ளே

சத்தம் பயங்கரமாக இருக்கும், 100 டெசிபலைத் தாண்டலாம். காதில் வைக்க அடைப்பான் தருவார்கள், அதைச் சரியாகச் செருகியிருக்கிறார்களா என்று நீங்களும் பாருங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் உடனே பேசுவார்கள். கைகளைக் கோத்துக்கொள்ளாதீர்கள், காலைக் குறுக்காகப் போடாதீர்கள். தோலும் தோலும் தொடும் இடத்தில் மின்னோட்டம் சுற்றிச் சூடேறக்கூடும். உடம்பு லேசாக வெதுவெதுப்பாவது சகஜம், எங்காவது சுடுவதுபோல இருந்தால் பந்தை அமுக்குங்கள்.

படி 7: ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

ஃபிலிமோடு படங்களைப் பதிந்த சி.டி தட்டையும் கேட்டு வாங்குங்கள், பிறகு வேறு டாக்டரிடம் காட்ட அதுதான் உதவும். ரிப்போர்ட்டில் "பல்ஜ்" என்றால் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, "ஸ்டெனோசிஸ்" என்றால் நரம்பு போகும் பாதை குறுகியிருக்கிறது. இந்த வார்த்தைகளைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், படி 2-இல் எழுதிய அரைப்பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

என் ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் பிதுக்கம் என்று இருந்தது. டாக்டர் இரண்டைப் படித்துவிட்டுத் தாண்டிப் போனார். மூன்றாவது எல்5–எஸ்1, அதாவது எஸ்1 வேர் போகும் இடம், வலது பக்கம். என் அரைப்பக்கத்தை எடுத்து, "சுண்டுவிரல் வரை" என்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.