தீபாவளிப் பட்டாசு: வாங்கும்போதும் வெடிக்கும்போதும் நாம் செய்யும் சட்டத் தவறுகள்

கடையில் விற்கிறார்கள், பில்லும் போட்டுத் தருகிறார்கள், அப்புறம் எப்படிச் சட்டவிரோதமாக இருக்கும் என்றுதான் பலரும் கேட்பார்கள். பட்டாசு விஷயத்தில் இந்த நம்பிக்கை அவ்வளவாக எடுபடாது. தடை செய்யப்பட்ட வெடியை விற்றதற்குக் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். அதை நேரம் கெட்ட நேரத்தில் வெடித்ததற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதிகம் பேர் மாட்டுவது நேரத்தில்தான். தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என மொத்தம் இரண்டே மணி நேரம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் இரவு 8 முதல் 10 வரை என்றுதான் சொன்னது. விடியலில் எண்ணெய்க் குளியல் முடித்து வெடி போடுகிற ஊருக்கு இது எப்படிப் பொருந்தும்? தமிழக அரசு முறையிட்டது. நேரத்தை மாநிலமே முடிவு செய்யலாம், ஆனால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அதே மாத இறுதியில் நீதிமன்றம் உத்தரவைத் திருத்தியது. அதைத்தான் அரசு காலைக்கும் இரவுக்குமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வரும், அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதில் நாமாகச் சேர்த்துக்கொண்ட விதிகள் சில உண்டு. காலையில் மழை, அதனால் ராத்திரி இரண்டு மணி நேரம் வெடிக்கலாம் என்பது ஒன்று. ஐப்பசி மழைக்காகப் பரிதாபப்படலாம், ஆனால் அப்படி ஒரு சலுகை உத்தரவில் இல்லை. முந்தின நாள் ராத்திரியே தொடங்கிவிடுவது இன்னொன்று.

தீபாவளி முடிந்தால் கட்டுப்பாடும் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் பட்டாசு வெடிக்க, ஒலி மாசு விதிகளின்படி ஆண்டு முழுவதும் தடை இருக்கிறது. கல்யாண ஊர்வலம், தலைவர் வரவேற்பு, கிரிக்கெட் வெற்றி எதற்கும் விலக்கில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்கு மட்டும் 11.55 முதல் 12.30 வரை அந்த 2018 உத்தரவே இடம் கொடுத்தது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலிலும் வெடிக்கக் கூடாது.

மீறினால் என்ன ஆகும்? அரசு உத்தரவை மீறியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 223ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஓராண்டு, 5,000 ரூபாய் வரை போகும். தமிழ்நாட்டில் தீபாவளிதோறும் காவல்துறை வழக்குப் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, எதை வெடிக்கக் கூடாது? பெட்டி பெட்டியாக வாங்கும் சரவெடியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காற்று மாசு, சத்தம், குப்பை மூன்றையும் காரணம் காட்டி, அதன் தயாரிப்பு, விற்பனை, உபயோகம் எல்லாவற்றையும் உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவு தடை செய்தது. ஆனாலும் பத்தாயிரம் வாலா கிடைக்காத ஊர் எது?

பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் தடை உண்டு. பச்சை நிற ஒளி தருவதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் மத்தாப்பைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே பேரியம் இருக்கிறதா என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? சட்டம் இங்கே வாங்குபவரிடம் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்க்கிறது என்பது என் எண்ணம். நம்மால் முடிந்தது, பசுமைப் பட்டாசு (மாசு குறைவாக வரும்படி தயாரித்தது) முத்திரையும் க்யூ.ஆர். குறியீடும் பெட்டியில் இருக்கிறதா, தயாரிப்பாளர் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். 'பசுமை' என்ற பெயரை மட்டும் நம்பி மொட்டை மாடியில் மணிக்கணக்கில் கொளுத்தக் கூடாது. அதில் புகைத்துகள் சுமார் 30 சதவீதம் குறையும், அவ்வளவுதான். சத்தத்துக்கும் வரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது.

ஆன்லைனில் ஆர்டர் எடுப்பதையும் 2018 உத்தரவு தடுத்தது. 'சிவகாசி விலைக்கே வீடு தேடி வரும்' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிட்டு, பார்சலுக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். மொத்தமாக வாங்கி அக்கம்பக்கத்தில் லாபம் வைத்து விற்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உரிமம் இல்லாமல் பட்டாசு விற்பது வெடிபொருள் சட்டப்படி குற்றம். அதே சட்டத்தின்படி 18 வயது நிறையாதவருக்கு விற்கவும் கூடாது. பையனிடம் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பாமல் நீங்களே போய் வாங்குங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகும் பையில் புடவைக்கு அடியில் ஒளித்து வைக்கும் பட்டாசு. ரயிலில் அதைக் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. அபராதமோ 1,000 ரூபாய் வரைதான், ஆனால் சிறைதான் பயப்பட வேண்டியது. கம்பி மத்தாப்புதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பயணிகள் பேருந்திலும் ஏற்றக் கூடாது. போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஊரிலேயே, உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.